முதல் வாளுக்கு எந்த எஃகு?

அக்கா மகன் போன மாதம் வந்திருந்தான். சிலம்பக் குழுவில் இருக்கிறான். கம்பு பழகி முடித்து இப்போது வாள்வீச்சு. கடையில் வாங்கிய வாள் ஒன்று கோயில் திருவிழாவில் இன்னொரு வாளில் பட்டதும் பிடிக்கு ஒரு சாண் மேலே வளைந்து, அப்படியே நின்றுவிட்டதாம். முழங்காலில் வைத்து நிமிர்த்தி மிச்ச ஆட்டத்தை முடித்திருக்கிறான்.

"மாமா, நானே ஒண்ணு அடிச்சுக்கப் போறேன். எதுல அடிக்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

செல்போனில் நாலு பெயர் குறித்து வைத்திருந்தான். உருக்கு, ஜப்பான்காரர்களின் தமஹகனே, டமாஸ்கஸ் அடுக்கு எஃகு, லாரிப் பட்டை (லாரியின் அடியில் சுமை தாங்கும் வில் பட்டை). ஆசையும் அதே வரிசையில்தான். லாரிப் பட்டையைக் கடைசியில் எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தான். எனக்கு இது தொழில் இல்லை. ஆனால் பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஆசாரியின் பட்டறையில் போய்க் கிடக்கிறவன் என்ற முறையில் சொன்னேன்: உன் வரிசை சரி, தலைகீழாகப் பிடித்திருக்கிறாய்.

எஃகுக்குப் போகுமுன் ஒரு சங்கதி. நம் நாட்டில் வாள் என்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. எனவே உலையை மூட்டுவதற்கு முன்பே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். ஆட்டத்துக்கான வாள் என்றால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மழுங்கலாகவே இருக்கட்டும். சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

அவனுடைய வாள் செய்ய வேண்டிய வேலை என்ன? வேகமாகச் சுழல வேண்டும், எதிர் வாளில் பட வேண்டும், பட்டு வளைந்தால் திரும்பி நேராக வேண்டும். அடிக்கப்போவது அவனும் ஒரு சம்மட்டிக்காரனும் மட்டும். இருப்பது ஒரே ஒரு கரி உலை. இதோடு நான் ஒன்றைச் சேர்த்தேன்: மூன்று முறை பாழானாலும் கையைக் கடிக்காத பொருளாக இருக்க வேண்டும். ஏனென்றால் மூன்று முறை பாழாகும்.

முதலில் உருக்கு, அதாவது மூசை என்ற மண்கிண்ணத்தில் இரும்பை உருக்கி நம்மவர்கள் செய்த பழைய எஃகு. இதில் எனக்கும் மோகம் உண்டு, மறைக்கவில்லை. ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று 1795-ல் அச்சேற்றிய சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள 'உக்கு'வில் இருந்து போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் உருக்கு அதற்கு உடன்பிறப்பு. நொய்யல் கரையில் கொடுமணலிலும், வடதமிழகத்தில் மேல்சிறுவளூரிலும் எஃகு உருக்கிய மூசைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவளூரை உலகுக்குக் காட்டியவர் பெங்களூரு தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன்.

செய்முறையைக் கேட்டால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். உமி கலந்த களிமண்ணில் மூசை. உள்ளே தேனிரும்பு (கார்பன் மிகக் குறைந்த இரும்பு) துண்டுகள், அதோடு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைத்து ஊதுவார்கள். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்ற ஆங்கிலேயர் 19-ம் நூற்றாண்டில் இந்த ஆவாரையையும் எருக்கையும் எழுதியே வைத்திருக்கிறார். குச்சியும் இலையும் கருகிக் கார்பனாகி இரும்புக்குள் இறங்கும். கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை குறையும். தனியாக உருகாத இரும்பு மூசைக்குள் பாகாகிவிடும். மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கட்டி.

அந்தக் கட்டி கடல் கடந்து போய்த்தான் பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் நீரலை ஓடும் வாள்களாயிற்று. அந்த அலை மேலே வரைந்தது இல்லை. எஃகுக்குள்ளேயே கார்பைடு, அதாவது இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான துகள்கள், வரிவரியாகச் சேர்ந்து நிற்பது. ஏன் சில கட்டிகளில் மட்டும் அலை வருகிறது, சிலவற்றில் வரவில்லை என்பது நீண்ட நாள் புதிர். அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து வருஷக்கணக்காக வார்த்து, அடித்து, உடைத்துப் பார்த்து 1998-ல் ஒரு விடை சொன்னார்கள். தாதுவில் இருந்து வரும் வனேடியம் போன்ற தனிமங்கள் மிக மிகச் சொற்ப அளவில் இருந்தால் போதும், திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடுகள் வரிசை கட்டும் என்றார்கள். ஒரு குறிப்பிட்ட தாது தீர்ந்துபோனதும் கலையே கை நழுவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. செய்தவர்கள் கையில் ஒரு தவறும் இல்லாமலேயே ஒரு கலை செத்துப்போக முடியும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் மோகம் வேறு, முதல் வாள் வேறு. உருக்கில் கார்பன் ஒன்றரை சதவீதம் வாக்கில் இருக்கும். லாரிப் பட்டையில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வெளிர் மஞ்சளாகக் காய்ச்சி ஓங்கி அடித்தால் வெல்லக்கட்டி போல உதிரும். ஆறிப்போய் அடித்தால் பிளக்கும். மங்கலான ஆரஞ்சுக்கும் கங்குச் சிவப்புக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில், தட்டித் தட்டித்தான் நீட்ட வேண்டும். ஒரு கட்டியைப் பட்டையாக்கவே நாள் கணக்காகும். அதற்கும் முன்னால் 1,500 டிகிரியைத் தொடுகிற உலை வேண்டும், மூசை வேண்டும், உருகிய எஃகின் பக்கத்தில் நிற்கிற துணிச்சல் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது வளைந்து நிமிரும் வாளா என்றால் அதுவும் உறுதியில்லை. பழைய வாள்கள் பலவற்றில் பாஸ்பரஸ் கூடுதல், குளிரில் முறிகிற குணம் உண்டு. உருக்கைத் தேர்ந்தெடுப்பவன் வாள் அடிப்பவனாக இல்லாமல் முதல் சில வருஷம் கட்டி வார்ப்பவனாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். அவனுக்குச் சம்மதமில்லை. ஆவணி மாதத் திருவிழாவுக்கு வாள் வேண்டும் என்கிறான்.

ஜப்பான் வழியைப் பற்றிக் காணொளிகள் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடம். "ஆயிரம் தடவை மடிச்சு அடிப்பாங்க மாமா" என்றான். இல்லை. பத்துப் பதினைந்து தடவைதான் மடிப்பார்கள். பத்து தடவை மடித்தாலே ஆயிரத்துச் சொச்சம் அடுக்கு ஆகிவிடும், இரண்டு இரண்டாகப் பெருகுகிற கணக்கு. எதற்கு மடிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஷிமானே மாநிலத்து ஒகுஇசுமோ மலைப்பகுதியில் தத்தாரா என்ற மண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மூன்று பகல் மூன்று இரவு மாற்றி மாற்றிக் கொட்டி எரிப்பார்கள். ஜப்பானிய வாள் கலைப் பாதுகாப்புச் சங்கம் 1977-ல் இந்த உலையை மீண்டும் மூட்டியது, குளிர்காலந்தோறும் எரிக்கிறது. கடைசியில் உலையையே இடித்து உள்ளே இருக்கும் இரண்டரை டன் பாளத்தை எடுப்பார்கள். அதில் வாளுக்கு உகந்த தமஹகனே கொஞ்சம்தான். அதிலும் ஒரு துண்டில் கார்பன் கூட, இன்னொன்றில் குறைவு, இடையிடையே கசடு. மாவு பிசைகிற மாதிரி மடித்து மடித்து அடித்தால்தான் கசடு வெளியேறும், கார்பன் சமமாகப் பரவும். குறையுள்ள பொருளை நிறைவாக்க அவர்கள் கண்ட வழி அது. ஆலையில் வந்த சீரான எஃகை வாங்கி மடித்து அடிப்பதில் வலிமை ஒன்றும் கூடாது. கரியும் கார்பனும்தான் வீண்.

தோய்ச்சலிலும், அதாவது காய்ச்சிய வாளைச் சட்டென்று ஆறவைத்துக் கெட்டிப்படுத்துவதிலும், அவர்கள் முறை தனி. முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் விடுவார்கள். வாய்ப்பக்கம் சட்டென்று ஆறிக் கடினமாகும், முதுகு மெதுவாக ஆறி மென்மையாக நிற்கும். கடினமான பகுதி கொஞ்சம் விரிவதால் வாளுக்கு அந்த அழகான வளைவும் அங்கேயே விழுகிறது. வெட்டுவதற்கு அபாரம். ஆனால் மென்மையான முதுகு உள்ள வாள் ஓரளவுக்கு மேல் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். மருமகன் எந்தக் குறைக்காக வேறு வாள் தேடுகிறானோ, அதே குறை.

இன்னொன்று, தமஹகனே கடைச்சரக்கு இல்லை. சங்கம் அதை உரிமம் பெற்ற வாள் கொல்லர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. உரிமம் வேண்டுமென்றால் ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரிடம் குறைந்தது ஐந்து வருஷம் சீடனாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் அடிக்கக் கூடாது. தள்ளுபடி செய்ய இவ்வளவு காரணம் தேவையில்லை, ஒன்றே போதும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பதால் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது அடுக்கு எஃகு. பெயரிலேயே ஒரு குழப்பம். டமாஸ்கஸ் என்று முதலில் புகழ்பெற்றது மேலே சொன்ன உருக்கு வாள். இன்று அதே பெயரில் இணையத்தில் விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, ஒட்ட அடித்து, முறுக்கியும் மடித்தும் வரி வரவைத்தது. இதுவும் பழைய கலைதான். வைக்கிங் காலத்து வாள்களில் இந்த முறுக்கு வரி உண்டு. அமெரிக்கக் கத்திக்காரர் பில் மோரன் 1973-ல் தன் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் இந்தத் தலைமுறையில் மறுபடி பரவியது. இரண்டும் வேறு வேறு பிறவி. இரண்டுமே இல்லாமல், சாதாரணத் தகட்டில் வரியைப் பொறித்து டமாஸ்கஸ் என்று தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இழைத்துவிட்டு மறுபடி அமிலத்தில் போட்டால் வரி திரும்ப வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மேல்பூச்சு.

ஒட்டடி அடிக்கப் பார்த்திருக்கிறேன். வெங்காரத்தை (போராக்ஸ்) தூவினால் நுரைத்து உருகிக் கண்ணாடி போல ஓடும். எஃகின் மேல் வெண்ணெய் உருகுகிற மாதிரி ஒரு மினுக்கம் வரும்போது எடுத்து, முதல் அடியை ஓங்காமல் அழுத்தமாக வைக்க வேண்டும். பொறி நாலா பக்கமும் தெறிக்கும். ஒரு சாண் கத்திக்கு இந்த விளையாட்டு நன்றாகவே வரும். கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் பலகை அரிக்க விற்கும் பெர்ரிக் குளோரைடில் நனைத்தால் நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளியாகவும் மற்றது கறுப்பாகவும் பிரியும்போது கண் விரியும். ஆனால் இரண்டரை அடி நீளத்துக்கு ஒட்டுகிறபோது எங்காவது ஒரு நகக்கண் அளவு ஒட்டாமல் போய்விட்டால் வெளியே தெரியாது. ஆட்டத்தின் நடுவே தெரியும். எதிரே நிற்கிறவன் கண்ணுக்கு நேரே வாள் பிளப்பதை நான் விரும்பவில்லை. இரண்டாவது வருஷம், முதலில் ஒரு கத்தி, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மிச்சம் லாரிப் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கிற பெயர் தெரியும்தானே. நம் பட்டறைகளில் அரிவாளாக மாறுவது பெரும்பாலும் இந்தப் பட்டைதான். நேபாளத்தில் குக்ரிக் கத்தி அடிப்பவர்களும் லாரிப் பட்டையைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். காரணம் மலிவு மட்டும் இல்லை. பல டன் சுமையோடு பள்ளத்தில் விழுந்து எழுந்து, லட்சம் தடவை வளைந்து லட்சம் தடவை நிமிர்வதற்காகவே கலந்த எஃகு அது. கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு வகையில் சிலிக்கனும் மாங்கனீசும் சேர்த்திருப்பார்கள், இன்னொரு வகையில் குரோமியம். அவனுக்கு வேண்டிய குணம் இதுவேதான். காய்ச்சும்போது கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மன்னிக்கும். பாழானால் பழைய இரும்புக் கடைக்குப் போய் இன்னொன்று எடுத்து வரலாம்.

குறை இல்லாமல் இல்லை. பழைய பட்டை என்றால் அதற்குள் என்ன விரிசல் ஒளிந்திருக்கிறது என்று பட்டைக்கே தெரியாது. நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் நுனிகளிலும் அதிகம் வரும். ஆசாரி செய்கிற சோதனை இது: துருவை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிடுவார். துணியால் ஒட்டத் துடைத்து, சாக்பீஸை மேலே தேய்த்து வெயிலில் வைப்பார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் மயிரிழைக் கோடாகத் தெரியும். அந்தத் துண்டு களைக்கொத்துக்குப் போய்விடும். எந்த வண்டிப் பட்டை, என்ன கலவை என்றும் தெரியாது. அதனால் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தோய்த்து, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டுத்துணி போல நைசாக இருந்தால் சூடு சரி. சர்க்கரை போலப் பரபரவென்று மின்னினால் சூடு அதிகம். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் பட்டை செய்கிற பட்டறையிலேயே புது எஃகாக வாங்கிவிடலாம். முதல் வாளுக்கு நான் புதிதையே சொல்வேன்.

இங்கே என் கதை ஒன்று உண்டு. பட்டறைக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் வருஷம், மார்கழி மாதம். இரண்டடி நீளத்தில் பட்டையை நீட்டி, முனை கூட்டி, அரம் போட்டு முடித்திருந்தேன். எட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தச் சமயம் ஜப்பான் முறையைப் பற்றித் தலைகால் புரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது, நிறம் தெரிவதற்காக ஆசாரி விளக்கைப் போடவில்லை. கங்கில் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் காய்ச்சினோம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பிடிக்கவில்லை. அந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு பிடி சூடு.

"எண்ணெயில விடு" என்றார்.

நான் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் தொட்டிக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி. ஆசாரி திட்டவில்லை. "சொல்லிடுச்சு" என்றார், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து பாதி அகலத்துக்குப் பிறை வடிவில் விரிசல். தமஹகனேயின் குணம் வேறு. அது தண்ணீர் கேட்கிற எஃகு, அதற்கே அவர்களிடமும் வாளில் விரிசல் விழுவதுண்டு. கலவை ஏறிய பட்டை எஃகு மெதுவாக ஆறினாலே கெட்டிப்படும். அதைத் தண்ணீரில் விட்டால் மேலும் உள்ளும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துக்கொள்ளும்.

எஃகின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டுத் தோய்ச்சலைக் கற்றுக்கொள் என்று மருமகனிடம் அன்று சொன்னது இந்த வயிற்றெரிச்சலில்தான். நாலு எஃகில் எதை எடுத்தாலும் காய்ச்சுவதும் தோய்ப்பதும் பிசகினால் கையில் இருப்பது ஒன்று கண்ணாடி, இல்லாவிட்டால் வாழைப்பட்டை. அவன் கடையில் வாங்கியது வாழைப்பட்டை.

கத்திக்கும் வாளுக்கும் கொல்லு வேலையில் பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான் வருகிறது. நம் கரி உலையில் சீராகக் காயும் இடம் ஒரு முழம்கூட இருக்காது. வாள் அதைப்போல இரண்டு மடங்கு நீளம். ஊதுகாற்றைக் குறைத்து, கரியை நீளவாக்கில் பரப்பி, பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை ஒரே நிறம் வரும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுனி மெல்லிசு, அது முந்திக்கொண்டு வெளுக்கும். அதைக் கங்கை விட்டு வெளியே நீட்டி வைக்க வேண்டும். எண்ணெய்க்கு நாலங்குல இரும்புக் குழாயை அடி அடைத்து நிமிர்த்தி நிறுத்தினால் போதும். கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கட்டும், குளிர்ந்த எண்ணெய் தடித்து நிற்கும். இன்ஜின் கழிவு எண்ணெய் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். வாளை நேர் செங்குத்தாக இறக்க வேண்டும், சாய்த்தால் கோணிக்கொள்ளும். கோணினாலும் எடுத்த உடனே, சூடு இருக்கும்போதே, இரண்டு கட்டைக்கு நடுவே அழுத்தி நிமிர்த்திவிடலாம். ஆறிய பிறகு நிமிர்த்தினால் முறியும்.

தோய்த்தது தோய்த்தபடி விட்டாலும் முறியும். மேலே பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மறுபடி மெல்லச் சூடேற்றினால் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம். வெட்டுக் கத்திக்கு மஞ்சளோடு நிறுத்துவார்கள். சுழற்றுகிற வாளுக்கு நீலம் வரை, ஏறக்குறைய 300 டிகிரி வரை விடலாம். கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் வளைந்தால் நிமிரும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் மனதில் இருந்தது கனமான வாள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்த் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றைக் காட்டினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே அலகு எவ்வளவு மெல்லிசு என்பது தெரிகிறது. ஒரு கையால் சுழற்றுகிற வாள் பொதுவாக ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். கற்றுக்குட்டிகள் அடிப்பது எல்லாம் இரண்டு கிலோ, நான் அடித்ததும் அப்படித்தான். நுனியை நோக்கிப் போகப் போக மெலிய வேண்டும். பிடிக்குள் போகும் வால் தொடங்கும் இடத்தில் மூலையை வெடுக்கென்று வெட்டாமல் வட்டமாக இறக்க வேண்டும், பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

கடைசியாக என்ன முடிவாயிற்று என்றால், புதுப் பட்டை எஃகு, ஆனால் முதலில் வாள் இல்லை. இரண்டு வெட்டரிவாள். ஒன்று வேண்டுமென்றே உடைத்து உள்முகம் பார்ப்பதற்கு, ஒன்று அக்கா வீட்டுத் தென்னந்தோப்புக்கு. சட்டச் சிக்கலும் இல்லை, நீளமும் உலைக்குள் அடங்கும். அவை இரண்டும் சரியாக வந்தால் வாள். ஆவணி தவறிவிடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த ஆவணியும் வரும்தானே என்றேன்.

போன ஞாயிறு பட்டறைக்குக் கூட்டிப் போனேன். ஆசாரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உலையோரம் கிடந்த ஒரு இரும்பை எடுத்துக் கையில் கொடுத்து, "கரியைக் கிளறு தம்பி" என்றார். பாதி அகலத்துக்குப் பிறை வடிவில் விரிசல் ஓடிய இரண்டடி நீளப் பட்டை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் அதற்கு அதுதான் வேலை.